ஆல்ஹாட்: சராசரிக்குள் ஒளிந்திருந்த முதல் வருடம்

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். வயது எழுபத்தொன்று. பல வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். "ஏம்ப்பா, நான் திங்கிற அம்லோடிபின் ஹார்ட்டைக் கெடுத்துருமாமே? அமெரிக்காவுல நாப்பதாயிரம் பேருக்குக் குடுத்துப் பார்த்துட்டாங்களாம். நிறுத்திரவா?"

யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார்கள். வழக்கமாக இப்படி வருவதில் முக்கால்வாசி கட்டுக்கதையாக இருக்கும். இது அப்படி இல்லை. நாற்பதாயிரம் பேர் என்பது உண்மை. அம்லோடிபின் சாப்பிட்டவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடுதலாகப் பதிவானதும் உண்மை. அந்த ஆய்வின் பெயர் ஆல்ஹாட். "இருங்க சித்தப்பா, எதையும் நிறுத்தாதீங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மாலையில் முடியும் என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்துவிட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். இரண்டு வடிவங்களை ஆளுக்குப் பாதியாகக் காட்டி எது மேல் என்று பார்க்கும் சோதனைகளை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை எங்கெங்கே ஏமாற்றும் என்று பட்டுத் தெரிந்திருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் இதையும் படித்தேன்.

ஆய்வு என்ன செய்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிபிக்கு மருந்துகள் குவிந்துவிட்டன. பழைய, மலிவான நீர் மாத்திரைகள், அதாவது சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றுபவை, ஒரு பக்கம். புதிய, விலை கூடிய மாத்திரைகள் மறுபக்கம். எல்லாமே பிபியைக் குறைக்கும். ஆனால் பிபி குறைவது வழிதான். ஹார்ட் அட்டாக், பக்கவாதம், சாவு இவற்றைத் தள்ளிப்போடுவதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். அங்கே எது முந்துகிறது என்று நேருக்கு நேர் பெரிய அளவில் யாரும் பார்த்திருக்கவில்லை. மருந்துக் கம்பெனிகளுக்கு அதில் ஆர்வம் இருக்கவும் நியாயமில்லை. தோற்றால் நஷ்டம்.

அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. 55 வயதைத் தாண்டிய, பிபியோடு இன்னொரு இதய ஆபத்துக் காரணியாவது உள்ள 42,418 பேர். 1994 முதல் 1998 வரை ஆள் சேர்ப்பு, 2002 மார்ச் வரை கண்காணிப்பு. வட அமெரிக்காவில் 600-க்கும் மேற்பட்ட மையங்கள், பெரும்பாலும் சாதாரண கிளினிக்குகள். நான்கு மருந்துகள்: நீர் மாத்திரையான குளோர்தாலிடோன், கால்சியம் வழியை அடைக்கும் அம்லோடிபின், ஏஸ் தடுப்பானான லிசினோபிரில், ஆல்ஃபா தடுப்பானான டாக்ஸசோசின். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

குறை சொல்லப்போவதால் நிறையை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துப் பல இதய ஆய்வுகளில் வெள்ளைக்கார ஆண்களே நிறைந்திருப்பார்கள். இதில் பெண்கள் கிட்டத்தட்ட பாதி, கறுப்பின மக்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஐந்தாம் ஆண்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பிபி 140/90-க்குள் வந்திருந்தது. சாதாரண கிளினிக்கிலும் விடாமல் பின்தொடர்ந்தால் பிபியைக் கட்டுக்குள் கொண்டுவரலாம் என்று காட்டியதே ஒரு சாதனை. ஃபைசர் நிறுவனம் மருந்துகளையும் கொஞ்சம் நிதியையும் கொடுத்தது. அதே நிறுவனத்தின் டாக்ஸசோசின்தான் முதலில் அடிபட்டது. அந்த வகையில் ஆய்வின் நேர்மையைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பாதியில் நின்ற டாக்ஸசோசின்

2000 ஜனவரியில் டாக்ஸசோசின் பிரிவை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ஹார்ட் அட்டாக் எண்ணிக்கையில் அதற்கும் குளோர்தாலிடோனுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் நான்கு ஆண்டுக் கணக்கில் இதயச் செயலிழப்பு ஒரு பக்கம் 4.45 சதவீதம், டாக்ஸசோசின் பக்கம் 8.13 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியாமல் போகும் நிலை. காலில் நீர் கோக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், மல்லாக்கப் படுத்தால் திணறும். அந்த நீரை இறக்க டாக்டர்கள் முதலில் எடுப்பதே நீர் மாத்திரையைத்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

டாக்ஸசோசினைக் காகிதத்தில் பார்த்தால் அருமையான மருந்து. பிபியைக் குறைக்கும். கொலஸ்ட்ரால் அளவுகளைக்கூடக் கொஞ்சம் நல்ல பக்கம் நகர்த்தும். நீர் மாத்திரையோ சர்க்கரையைச் சற்று ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். லேப் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துத் தேர்தல் நடத்தியிருந்தால் டாக்ஸசோசின்தான் ஜெயித்திருக்கும். மேல் எண்ணில் டாக்ஸசோசின் பக்கம் 2, 3 புள்ளி அதிகமாக இருந்தது என்பது உண்மை. அந்தச் சிறிய இடைவெளி இரண்டு மடங்கு வித்தியாசத்தை விளக்கப் போதாது.

தலைப்புச் செய்தியும் முடிவும்

மீதி மூன்று மருந்துகளின் முடிவு 2002 டிசம்பரில் ஜாமா இதழில் வந்தது. ஆய்வுக் குழுவின் முடிவுரையின் சாரம் இதுதான்: நீர் மாத்திரைகள் இதய-ரத்தக்குழாய் நோய்களில் ஒன்றையாவது தடுப்பதில் மற்றவற்றை விட மேல், விலையும் குறைவு, ஆகவே முதல் மருந்தாக அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் பெரும்பாலானோருக்கு நீர் மாத்திரையிலிருந்து தொடங்கச் சொன்னது.

இப்போது எண்களைப் பாருங்கள். இந்த ஆய்வு முதன்மையாகக் கேட்ட கேள்வி, இதய ரத்தக்குழாய் நோயால் சாவு அல்லது ஹார்ட் அட்டாக் எத்தனை பேருக்கு என்பது. ஆறு ஆண்டுகளில் குளோர்தாலிடோன் 11.5 சதவீதம், அம்லோடிபின் 11.3, லிசினோபிரில் 11.4. இது சமன். மொத்தச் சாவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆக, முதன்மைக் கேள்வியில் யாரும் ஜெயிக்கவில்லை. வெற்றி என்று அறிவித்தது இரண்டாம் நிலைக் கேள்விகளை வைத்து. அதில் பெரியது இதயச் செயலிழப்பு: குளோர்தாலிடோன் 7.7 சதவீதம், லிசினோபிரில் 8.7, அம்லோடிபின் 10.2. லிசினோபிரிலில் பக்கவாதமும் கூடுதல், 5.6-க்கு 6.3. எதிர்ப்பக்கம், நான்காம் ஆண்டில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் குளோர்தாலிடோனில் 11.6 சதவீதம், அம்லோடிபினில் 9.8, லிசினோபிரிலில் 8.1.

இரண்டாம் நிலை முடிவுகளைப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இதயச் செயலிழப்பு சின்ன விஷயமும் இல்லை. ஆனால் "சமன், அதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு" என்று எழுத வேண்டியதை "மேல்" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கியது எனக்கு முதல் உறுத்தல். இருபது வருடம் கழித்து சித்தப்பாவின் போனுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒற்றைச் சொல்லின் பேரன்தான்.

என் முக்கியமான புகார்

ஆய்வில் சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஏற்கெனவே பிபி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களின் பழைய மாத்திரையை நிறுத்தி, இடைவெளி விடாமல் புது மாத்திரையைக் கொடுத்தார்கள். நோயாளியின் பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் அதனால் ஆய்வின் கேள்வியே மாறிவிடுகிறது. "எந்த மருந்தில் தொடங்கலாம்?" என்று கேட்கப் புறப்பட்டார்கள். பெரும்பாலும் அளந்தது "ஏற்கெனவே ஒன்றைச் சாப்பிடுபவரை எதற்கு மாற்றினால் என்ன ஆகும்?" என்பதை.

ஒருவர் சில வருடமாக நீர் மாத்திரையில் இருந்திருக்கிறார் என்று வையுங்கள். இதயம் லேசாகத் தளர ஆரம்பித்திருக்கிறது. ஆனால் மாத்திரை நீரை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் கால் வீங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. இவரைக் குலுக்கல் முறையில் டாக்ஸசோசினுக்கோ அம்லோடிபினுக்கோ மாற்றுகிறோம். சில வாரத்தில் நீர் கோக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கணக்கில் "அம்லோடிபின், இதயச் செயலிழப்பு, ஒன்று" என்று ஏறும். நோய் புது மாத்திரையால் வந்ததா, பழைய மாத்திரையை எடுத்ததால் வெளியே தெரிந்ததா?

இது வெறும் ஊகம் என்று ஒதுக்கலாம். ஆனால் ஆய்வுக் குழுவே 2006-இல் இதயச் செயலிழப்பை மட்டும் தனியாக, முதல் வருடம் என்றும் அதற்குப் பின் என்றும் பிரித்து வெளியிட்டது. அந்த எண்கள்தான் என்னை மூன்று வாரம் உட்கார வைத்தவை.

முதல் வருடத்தில், குளோர்தாலிடோனோடு ஒப்பிட்டால் அம்லோடிபினில் ஆபத்து 2.22 மடங்கு. லிசினோபிரிலில் 2.08 மடங்கு. முதல் வருடத்துக்குப் பிறகு? அம்லோடிபினில் 1.22 மடங்கு. லிசினோபிரிலில் 0.96, அதாவது வித்தியாசமே இல்லை.

முதல் அறிக்கையில் லிசினோபிரிலுக்கு ஆறு ஆண்டுச் சராசரியாக 1.19 மடங்கு என்று படித்தவர் என்ன நினைப்பார்? ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக 19 சதவீதம் கூடுதல் ஆபத்து என்றுதான் நினைப்பார். அப்படி ஒரு வருடம்கூட இருக்கவில்லை. முதல் வருடம் இரண்டு மடங்கு, அப்புறம் சமம். இரண்டு வெவ்வேறு காலங்களைக் கலந்து, எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஓர் எண்ணை எடுத்திருக்கிறோம். சர்வர் மாற்றிய முதல் நாள் விழுந்த பிழைகளை மாதச் சராசரியில் கலந்து "புது சர்வர் கொஞ்சம் மோசம்" என்று யாராவது அறிக்கை கொடுத்தால் எங்கள் மீட்டிங்கில் விடமாட்டார்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய மாத்திரையை எடுத்ததுதான் காரணம் என்ற விளக்கத்தை ஆய்வுக் குழு ஏற்கவில்லை. நீர் மாத்திரை இதயச் செயலிழப்பை உண்மையிலேயே, அதுவும் சீக்கிரமாகவே தடுக்கிறது என்பது அவர்கள் வாதம். அதுவும் முதல் வருட இடைவெளியை விளக்கும். அம்லோடிபினில் பின்னாலும் கொஞ்சம் வித்தியாசம் நீடித்தது அவர்களுக்குச் சாதகம். அம்லோடிபின் தரும் சாதாரணக் கால்வீக்கத்தை இதயச் செயலிழப்பு என்று தவறாக எழுதியிருப்பார்களோ என்று சிலர் கேட்டார்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகளை மறுபடி சரிபார்த்தும் முடிவின் திசை மாறவில்லை. இந்த இரண்டு விளக்கங்களில் எது எவ்வளவு என்று என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. என் புகார் வேறு. எந்த விளக்கம் சரியானாலும் கதை முதல் வருடத்தில் இருக்கிறது. தலைப்பில் வந்த எண் அதை மறைத்தது.

இரண்டாவது புகார், துணை மருந்துகள். பிபி இறங்காவிட்டால் அடுத்ததாகச் சேர்க்க அனுமதித்தவை அடினோலால், குளோனிடின், ரெசர்பின். அதற்கும் மேல் ஹைட்ரலசின். ஏஸ் தடுப்பானோடு சாதாரணமாக ஒரு டாக்டர் சேர்ப்பது நீர் மாத்திரையையோ அம்லோடிபினையோதான். அவை போட்டியில் இருப்பதால் சேர்க்கக் கூடாது. லிசினோபிரில் கடைசி வரை தன் இயல்பான ஜோடி இல்லாமல் ஓடியது. அந்தப் பிரிவில் மேல் எண் 2 புள்ளி அதிகமாகவே இருந்ததற்கும், கறுப்பின நோயாளிகளிடம் 4 புள்ளி அதிகம் இருந்ததற்கும் இதில் பங்கு இருக்கலாம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த விதி எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை.

அப்படியானால் அம்லோடிபின் கெட்டதா?

இதற்கு ஆல்ஹாட்டால் நேரடியாகப் பதில் சொல்லவே முடியாது. ஏனென்றால் அதில் வெறும் மாத்திரை சாப்பிட்ட குழு கிடையாது. பிபி உள்ளவர்களை மருந்தில்லாமல் விடக் கூடாது என்பதால் அது சரிதான். ஆனால் அ-வில் ஆபத்து 10, ஆ-வில் 8 என்றால், அ கெடுக்கிறதா, இல்லை ஆ நன்றாகக் காப்பாற்றுகிறதா என்று இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

வெளியே போய்த் தேடினால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. 1991-இல் முடிவு வந்த ஷெப் என்ற ஆய்வு. மேல் எண் மட்டும் ஏறியிருந்த 60 வயதுக்கு மேற்பட்ட 4,736 பேர். ஒரு பாதிக்குக் குளோர்தாலிடோனில் தொடங்கும் சிகிச்சை, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. இதயச் செயலிழப்பு 105 பேரிலிருந்து 55 பேராகக் குறைந்தது. கிட்டத்தட்ட பாதி.

இப்போது ஒரு காகிதக் கணக்கு. மருந்தே இல்லாவிட்டால் ஆபத்து 100 என்று வைப்போம். ஷெப் படி குளோர்தாலிடோன் அதை 51 ஆக்குகிறது. ஆல்ஹாட்டின் விகிதங்களை அதன்மேல் போட்டால் லிசினோபிரில் சுமார் 61, அம்லோடிபின் சுமார் 70, டாக்ஸசோசின் சுமார் 104. இரண்டு ஆய்வுகளின் ஆட்களும் வேறு, காலமும் வேறு. அதனால் இந்த எண்களைப் பிடித்துத் தொங்காதீர்கள். திசையை மட்டும் பாருங்கள். அம்லோடிபின் இதயத்தைக் கெடுப்பதாக இதில் தெரியவில்லை. இந்த ஒரு நோயில் நீர் மாத்திரை அளவுக்குக் காப்பாற்றவில்லை என்றுதான் தெரிகிறது. டாக்ஸசோசின் பிபி எண்ணைக் குறைத்தும், இந்த நோயைப் பொறுத்தவரை மருந்தே சாப்பிடாததற்குச் சமமாக நிற்கிறது.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஏற்கெனவே தீவிர இதயச் செயலிழப்பு உள்ள 1,153 பேருக்கு அம்லோடிபினும் வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த பிரைஸ் ஆய்வு, 1996. தளர்ந்த இதயத்துக்கு அம்லோடிபின் விஷம் என்றால் அங்கேதான் சாவு எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை.

நீர் மாத்திரையிலும் ஒரு குறிப்பு

"மலிவான நீர் மாத்திரை" என்று ஆல்ஹாட்டைக் காட்டிச் சொன்னவர்கள், அமெரிக்காவில் நடைமுறையில் எழுதியது பெரும்பாலும் குளோர்தாலிடோனை அல்ல, அதன் உறவுக்காரரான ஹைட்ரோகுளோரோதயசைடை. இரண்டும் ஒன்றுதானா என்பதற்கு இருபது வருடம் கழித்து, 2022-இல்தான், நேரடிப் பதில் வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட 13,523 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் இதயப் பாதிப்புகளில் வித்தியாசம் இல்லை, பொட்டாசியம் குறைவது மட்டும் குளோர்தாலிடோனில் அதிகம். அந்த இருபது வருடமும் ஒரு மருந்தின் சான்றிதழை வைத்து இன்னொரு மருந்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேளை, பெரிய தப்பு நடக்கவில்லை.

2017-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் நீர் மாத்திரை, கால்சியம் வழி அடைப்பான், ஏஸ் தடுப்பான், அதன் உறவான ஏஆர்பி நான்கையும் முதல் மருந்தாக ஏற்கிறது. ஆல்ஃபா தடுப்பான் அந்த வரிசையில் இல்லை. என் வாசிப்பில் ஆல்ஹாட்டின் அசைக்க முடியாத முடிவும் அதுதான்: பிபி மானியில் எண் இறங்கியது என்பதை மட்டும் வைத்து ஒரு மருந்தை நம்பாதே. "நீர் மாத்திரையே மேல்" என்ற வாசகம் ஊர் முழுக்கப் பரவியது. இந்தப் பாடம் அந்த அளவுக்குப் பரவவில்லை.

சித்தப்பாவுக்குச் சொன்னது

நூறு பேர் ஆறு வருடம் சாப்பிட்டால் இதயச் செயலிழப்பு ஒரு பக்கம் பத்து பேருக்கு, இன்னொரு பக்கம் எட்டு பேருக்கு. ஹார்ட் அட்டாக் இரண்டு பக்கமும் ஒன்றே. அந்த வித்தியாசத்திலும் கணிசமான பகுதி மாத்திரை மாறிய முதல் வருடத்தில் வந்தது. நீங்கள் பல வருடமாக ஒரே மாத்திரையில் இருக்கிறீர்கள். இப்படித்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நிறுத்தினாத்தான் வம்புங்கிற" என்றார்.

இரண்டு பத்தியில் நான் எழுதியதை ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைத்தான் நானும் சொல்வேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். டாக்டர் மாற்றினால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பழசை எடுத்துட்டுப் புதுசு போடுறீங்களே, முதல் சில மாசம் நான் எதைக் கவனிக்கணும்?" கால் வீக்கம், திடீரென்று எடை ஏறுவது, படுத்தால் மூச்சு முட்டுவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்க் காட்டிவிடுங்கள்.

சித்தப்பாவுக்குச் சாயங்காலமானால் கணுக்கால் லேசாக வீங்குமாம். மாத்திரையால் வரும் சாதாரண வீக்கமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை என்னிடம் சொல்லிப் பயனில்லை, டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். வரும் வியாழக்கிழமை போகிறார்.